அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கர்: போகும் முன் தெரிந்துகொள்ள

லங்கர் என்பது சீக்கியக் கோயில்களில் எல்லோருக்கும் சாப்பாடு போடும் பொதுச் சமையற்கூடம். இங்கே இரவு பகல் எந்நேரமும் சாப்பாடு உண்டு. காசு கிடையாது, சாதி மதம் கேட்பதில்லை. குரு நானக் தொடங்கிய வழக்கம் இது; தன்னைப் பார்க்க வருபவர் முதலில் பந்தியில் உட்கார வேண்டும் என்றார் மூன்றாம் குரு அமர்தாஸ். இறைவன் பெயரை நினை, உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து உண் என்ற சீக்கியத்தின் மூன்று கடமைகளில் கடைசியை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம்.

செருப்பை இலவசக் காப்பகத்தில் விட்டு, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து, தலையை மூடிக்கொண்டு நுழையுங்கள். தொப்பி போதாது; துணி வாசலிலேயே கிடைக்கும். பீடி, சிகரெட் பையில்கூட இருக்கக் கூடாது.

தட்டு வாங்கித் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். பருப்பும் காயும் தட்டில் விழும். ரொட்டிக்கு மட்டும் இரு கைகளையும் ஏந்த வேண்டும். தட்டை நீட்டுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. எத்தனை முறையும் கேட்டு வாங்கலாம், மிச்சம் வைக்கக் கூடாது.

கருப்பு உளுந்துப் பருப்பு அருமை, காரம்தான் நமக்குக் குறைவு. கோயிலில் தரும் கடா பிரசாதத்தைத் தவறவிடாதீர்கள்: கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. உள்ளங்கையில் நெய் வழியும், கைக்குட்டை அவசியம். வார இறுதியில் கூட்டம் நெரியும், விடியற்காலை உத்தமம். பாத்திரம் கழுவ யார் வேண்டுமானாலும் சேரலாம்.