ஓவியர் தளத்துக்கு வேர்ட்பிரஸ்: முதல் படத்தை ஏற்றும் முன்

ஓவியருக்கு இணையதளம் கட்ட, வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருள் இன்றும் நல்ல தேர்வு. மென்பொருள் இலவசம், செலவு டொமைன் என்ற இணையப் பெயருக்கும், ஹோஸ்டிங் என்ற சர்வர் இடத்துக்கும்தான். ஹோஸ்டிங் சரியில்லையென்றால் தளத்தை அப்படியே வேறிடத்துக்கு மாற்றலாம். டொமைன் மட்டும் ஓவியரின் பெயரிலேயே பதிவாக வேண்டும், தளம் கட்டித் தருபவர் பெயரில் அல்ல. ஆனால் வலைப்பதிவு எழுத உருவான கருவி இது. படங்களை அது கையாளும் விதத்தை ஓவியத்துக்கு ஏற்ப மாற்றியே ஆக வேண்டும்.

நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியிலிருந்தும் வேர்ட்பிரஸ் 150க்கு 150 பிக்சலில் சதுரச் சிறுபடம் வெட்டி எடுக்கும். நெட்டையான உருவப்படத்தில் தலையே போய்விடும். செட்டிங்ஸில் மீடியா பகுதியில் இருக்கும் 'வெட்டு' டிக்கை முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றிய படங்களுக்கு இது பொருந்தாது. சிறுபடங்களை மறுபடி உருவாக்க பிளக்இன் என்ற துணைநிரல் ஒன்று தேவைப்படும். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்களில் சில, தாமாகவும் சதுரமாக்கிக் காட்டும். நெட்டையாக ஒன்று, அகலமாக ஒன்று என இரண்டு ஓவியங்களைப் போட்டுப் பார்த்தபின் தீமை முடிவு செய்யுங்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து இன்னொன்று. 2019இல் வந்த 5.3 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ், 2560 பிக்சலைத் தாண்டும் ஜேபெக் படத்தைச் சுருக்கி, கோப்பின் பெயரோடு 'ஸ்கேல்டு' என்று சேர்க்கிறது. மூலக்கோப்பு சர்வரிலேயே கிடக்கும். முகவரியில் அந்தச் சொல்லை நீக்கினால், அச்சடிக்கத் தக்க முழுப்படம் பெரும்பாலும் யார் கைக்கும் கிடைத்துவிடும். எனவே நீண்ட பக்கம் 2000 பிக்சலுக்கு மேல் போகாமல் நீங்களே சுருக்கி ஏற்றுவதே பாதுகாப்பு.

சுருக்கும்போதே, இணையத்துக்கான பொது வண்ண வரையறையான எஸ்ஆர்ஜிபிக்குப் படத்தை மாற்றிவிடுங்கள். சர்வரில் படங்களைச் சுருக்க ஜிடி என்ற மென்பொருள் நூலகம் இயங்கினால், எந்த வண்ண வரையறை என்று சொல்லும் நிறக்குறிப்பு சிறு பிரதிகளில் அழிந்துவிடும். அப்போது, இன்னும் விரிந்த வண்ண வரையறையான அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியும். வண்ணத்தையே நம்பி வரைபவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போன்றவை), சென்டிமீட்டரில் உயரமும் அகலமும் ஆகியவற்றைப் படத்தின் மேல் பொறிக்காமல் எழுத்தாகவே கீழே தாருங்கள். அப்போதுதான் தேடுபொறி படிக்கும்.

வேர்ட்பிரஸின் டூல்ஸ் பகுதியில் உள்ள எக்ஸ்போர்ட்டைக் காப்புப்பிரதி என்று நம்ப வேண்டாம். அதில் எழுத்தும் பட முகவரிகளும் மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறையையும் எழுத்து இருக்கும் டேட்டாபேஸையும் தனியாக நகலெடுத்து, சர்வருக்கு வெளியே வையுங்கள்.