ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு எந்தச் சிஸ்டம்: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

ஈரோட்டில் புதிதாக ஆபீஸ் திறக்கப் போகும் ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். "ஏனுங்ணா, நாலு சிஸ்டம் வாங்கோணும். மேக் எடுத்துக்கலாமுங்களா, இல்ல விண்டோஸ்லயே அசெம்பிள் பண்ணிக்கலாமுங்களா?" உடனே பதில் சொல்லவில்லை. "உங்க டிராயிங் யார் யார் கைக்குப் போகுதுங்க தம்பி?" என்று கேட்டேன்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி ஷெட் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாம் பிளான் போட்டு அனுப்புகிறோம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அதை வைத்து ஸ்டாட் ப்ரோவிலோ ஈடாப்ஸிலோ டிசைன் செய்வார். இரண்டும் விண்டோஸில்தான் ஓடும். ஷெட் அடிக்கிறவர் ஸ்டீல் டிராயிங் போட டெக்லா வைத்திருந்தால் அதுவும் விண்டோஸ்தான். இத்தனை பேரும் ஒரு பக்கம் இருக்க, நாம் மட்டும் வேறு பக்கம் நின்றால் ஃபைல் போய் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எழுத்துரு மாறும், லேயர் நிறம் மாறும்.

நாம் பிளான் போடும் ஆட்டோகேட் மேக்கில் இல்லையா? இருக்கிறது. 90-களில் நிறுத்திவிட்டு 2010-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். கோடு போட, டைமென்ஷன் கொடுக்க ஒரு குறையும் இல்லை. சிக்கல் லிஸ்பில்தான், அதாவது ஆட்டோகேடுக்குள் வேலையைத் தானாகச் செய்ய எழுதும் சின்ன புரோகிராம்களில். எங்கள் ஆபீஸில் ஏரியா டேபிள் போட்டுத் தர ஒரு பழைய லிஸ்ப் உண்டு. அதில் பாதி வரிகள் 'விஎல்ஏ' என்று தொடங்கும். அவை விண்டோஸின் ஆக்டிவ்எக்ஸை நம்பி எழுதியவை, மேக்கில் வேலை செய்யாது. இதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்காதது எங்கள் தப்பு. அப்ரூவலுக்குக் கொடுக்க வேண்டிய நாளன்று, புதிதாக வாங்கிய மேக்கில் உட்கார்ந்திருந்த பெண் 23 அறைக்கும் பாலிலைன் போட்டு, ஒவ்வொரு சதுர அடியையும் கையால் தட்டினார். ஒரு அறையில் 118 என்பது 181 ஆகிவிட்டது. மொத்தம் இடிக்கிறதே என்று இராத்திரி பத்து மணிக்குத்தான் கண்டுபிடித்தோம்.

கட்டடத்தை 3டி மாடலாகவே கட்டி டிராயிங் எடுக்கும் ரெவிட்டின் கதை இன்னும் எளிது. அது விண்டோஸில் மட்டும்தான். இன்டெல் சிப் இருந்த மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸையே ஏற்றி ஓட்டினார்கள். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்ததோடு அந்த வழி அடைபட்டது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போட்டுத் திறக்கலாம்தான், ஆனால் அந்த வழிக்கு ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் ஆதரவு கிடையாது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் ஆபீஸ் அதை நம்பி இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

அப்படியென்றால் மேக் வேண்டாமா? ஆர்க்கிகேட் பழகியவர்களுக்குத் தாராளமாக வேண்டும். ஹங்கேரியில் பிறந்த அந்த மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே ஆப்பிளோடு வளர்ந்தது. வெக்டர்வொர்க்ஸும் 1985-ல் மினிகேட் என்ற பெயரில் மேக்கில்தான் தொடங்கியது. ஸ்கெட்ச்அப்பும் ரைனோவும் இரண்டு பக்கமும் ஓடும். தோட்டத்து வீடு, இன்டீரியர் என்று செய்து, வெளியே பிடிஎஃப் மட்டும் கொடுக்கும் இரண்டு பேர் ஆபீஸுக்கு மேக் அருமையான துணை. பொள்ளாச்சித் தோப்புக்குள் கரன்டே இல்லாத சைட்டில், தென்னை நிழலில் காலையில் திறந்த மேக்புக் சாயங்காலம் வரை தாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

ரெண்டர், அதாவது கட்டடத்தை நிஜம் போலப் படமாக்குவது என்று வந்தால் தராசு மறுபடி விண்டோஸ் பக்கம் சாய்கிறது. லூமியன், 3டிஎஸ் மேக்ஸ் இரண்டும் விண்டோஸில் மட்டும்தான். என்விடியா கிராபிக்ஸ் கார்டையும் இன்றைய மேக்கில் போட முடியாது. அசெம்பிள் செய்தால் பணத்தை எதில் போடுவது என்று நாமே முடிவு செய்யலாம். ரெவிட்டின் பல வேலைகள் பிராசசரின் ஒரே கோரில் நடப்பவை, அதனால் கோர் எண்ணிக்கையை விட வேகமே முக்கியம். ரேம் 32 ஜிபி. அப்புறம்தான் கிராபிக்ஸ் கார்டு.

நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது: பஞ்சு. மில் பக்கத்தில் ஆபீஸ் இருந்தால் கேபினட் ஃபேனில் நாலு மாதத்தில் வெள்ளையாகப் படிந்து, சிஸ்டம் சூடாகி இழுக்கத் தொடங்கும். டவர் என்றால் பக்கத்து மூடியைக் கழற்றி ப்ளோயரால் ஊதினால் போதும். கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போனால் கோவை காந்திபுரம் போய் அன்றைக்கே வேறு மாட்டிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் டவர் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி சிஸ்டத்தில் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும்.

லினக்ஸில் பிளெண்டர், ஃப்ரீகேட், பிரிக்ஸ்கேட் எல்லாம் ஓடும். ஆட்டோகேடும் ரெவிட்டும் கிடையாது. ஃபைல் சர்வருக்கு வையுங்கள், டிராயிங் டேபிளுக்கு வேண்டாம்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: மூன்று விண்டோஸ் டவர், ஒவ்வொன்றுக்கும் யூபிஎஸ். நாலாவதாக, சைட்டுக்கு எடுத்துப் போக ஒரு மேக்புக் ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ரெவிட் லைசென்ஸ் போடும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஒரு போன் போட்டு, எந்த வருஷ வெர்ஷன் வைத்திருக்கிறார் என்று கேட்கச் சொன்னேன். புது வெர்ஷனில் சேமித்த ரெவிட் ஃபைல் பழையதில் திறக்காது. "சரிங்ணா, இப்பவே கேட்டுடறேனுங்க" என்று வைத்துவிட்டார்.