உப்புக்காற்றில் சன்னல் கம்பி: கீழக்கரை வீட்டில் பத்து ஆண்டுகள்

கீழக்கரையில் எங்கள் குடியிருப்பிலிருந்து கடற்கரைக்கு நடந்தே ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். மூன்று மாடி, 12 வீடுகள். 2015-இல் சாவி வாங்கியபோது சன்னல்களில் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் மட்டுமே இருந்தன. கம்பி போடுவது அவரவர் பொறுப்பு என்று கட்டிக் கொடுத்தவர் சொல்லிவிட்டார். கட்டடத்தின் அழகு கெட்டுவிடும், சிறைபோல் ஆகிவிடும் என்று முதல் கூட்டத்தில் சிலர் தயங்கினார்கள். இன்று 12 வீட்டிலும் கம்பி இருக்கிறது.

எல்லோரும் திருட்டுக்குப் பயந்துதான் போட்டார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தரைத்தளத்தில் அது உண்மை. சன்னலோரம் சார்ஜில் போட்டிருந்த கைப்பேசியை நீளக் குச்சியால் யாரோ இழுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் மாடிக்கு மழைநீர்க் குழாயையும் சன்ஷேடையும் பிடித்து ஏறிவிடலாம். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும். இந்த ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான்.

ஆனால் எங்களைக் கம்பி போட வைத்தது 2016 சித்திரையின் ஓர் இரவு. மின்சாரம் போய்விட்டது. சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கப் பயம், மூடினால் மூச்சு முட்டுகிறது. உம்மா விடியும்வரை கூடத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். கடலுக்கு எதிரே வீடு வாங்கிவிட்டுக் கடல்காற்றை வெளியே நிறுத்திவைத்திருக்கிறோமே என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுவாரமே பட்டறைக்குப் போனேன். எனக்குக் கம்பி வேண்டியிருந்தது, சன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்காக.

முதலில் போட்டது சாதாரண இரும்பு. 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி. ஒரு மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கிரில்லை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள் என்பதால், பட்டறைக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பிகளை நேர்குத்தாக நிறுத்தச் சொன்னேன். குறுக்குப்பட்டை மேலேயும் கீழேயும் மட்டும். இதில் பிடிவாதமாக இருந்ததற்காக இன்றும் மகிழ்கிறேன். மூன்றாம் மாடி லாத்தா (அக்கா) பூவேலைப்பாடும் குறுக்குக் கம்பிகளும் வைத்து அழகாகச் செய்திருந்தார். அவருடைய மூன்று வயதுப் பேரன் அதையே ஏணியாக்கி உச்சிவரை ஏறிவிட்டான். மேல்பகுதி இடைவெளி அகலம். லாத்தா போட்ட கூச்சல் தெருவரை கேட்டது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கம்பிக்குக் கம்பி 4 அங்குலத்துக்கு மேல் விடவே கூடாது. கால் வைக்க நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. கட்டிலையும் சன்னலை ஒட்டிப் போடாதீர்கள்.

இனி துருவுக்கு வருகிறேன். இந்தக் கரையில் கம்பியின் கதை முழுவதும் துருவின் கதைதான்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று வீசி முடிந்த நாளில் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். நம் மாவட்டத்துக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை மாதக்கணக்கில் படியும் உப்பைக் கழுவ ஆளில்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்ததுபோலத் தெரியும் கம்பி உண்மையில் காய்வதே இல்லை.

ஒன்றரை ஆண்டில் வெல்டிங் வைத்த இடங்களில் செம்புள்ளிகள் வந்தன. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மழை நேரே அடிக்கும் வெளிப்பக்கம் ஓரளவு நன்றாகவே இருந்தது. சன்ஷேடின் நிழலில், மழையே படாத மேல்பகுதியும் வீட்டை நோக்கிய பக்கமும்தான் பெயின்ட் உப்பி உரிந்தன. மழை கழுவிவிட்ட இடம் தப்பித்தது, கழுவாத இடத்தில் உப்பு தங்கிவிட்டது. உரித்துப் பார்த்தபோது பட்டறையின் குறையும் தெரிந்தது. வெல்டிங் கசடைத் தட்டி எடுக்காமல் அதன்மேலேயே பிரைமர் அடித்திருந்தார்கள். சுவருக்குள் போகும் முனைகளில் பிரைமரே இல்லை. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். 2019-இல் சன்னல் மூலைகளில் பூச்சு வெடித்துப் பொரிந்து விழுந்தது. கம்பியைவிடச் சுவரைச் சரிசெய்யத்தான் அதிகம் செலவானது.

அந்த ஆண்டே படுக்கையறைச் சன்னல்களை நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய்க்கு மாற்றினேன். வேறு பட்டறை, வேறு மனிதர். முதலில் வெல்டிங் முடித்து, பிறகு முழுச் சட்டத்தையும் உருகிய நாகத்தில் முக்கி எடுப்பதுதான் சரியான முறை என்றார். அதற்கு வெளியூர் அனுப்ப வேண்டும். நான் பூசிய குழாயையே வாங்கி வெல்டிங் செய்யச் சொன்னேன். வெல்டிங் சூட்டில் அந்த இடத்து நாகம் எரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, நாகத்தூள் கலந்த பிரைமரை இரண்டு கை அடித்தார். ஆறு ஆண்டுகளாகிவிட்டன. நடுக்குழாய்கள் நன்றாக இருக்கின்றன. இணைப்புகளை மட்டும் இரண்டு முறை திரும்ப அடித்திருக்கிறோம். செலவையும் உழைப்பையும் கணக்கிட்டால் இந்தக் கரையில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பது என் முடிவு.

கடல் பார்த்த கூடத்துச் சன்னலுக்கு 2021-இல் எவர்சில்வர் போட்டேன். எவர்சில்வர் என்று சொல்லி வாங்காதீர்கள், எண்ணைச் சொல்லி வாங்குங்கள். எங்கள் கீழ்வீட்டில் 304 ரகம் போட்டார்கள். சில மாதங்களில் தேநீர்க் கறைபோல் பழுப்பு படிந்துவிட்டது. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பு துளைக்காமல் தாங்குவதற்கு அதுதான் காரணம். காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல ரகம் என்று கடையில் காட்டுவார்கள். மட்டமான ரகத்திலும் காந்தம் ஒட்டாமல் இருக்கும், அதை நம்ப வேண்டாம். ரசீதில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள். இன்னொன்று, அதை மாட்டும் நாளில் பக்கத்தில் இரும்பை அறுக்க விடாதீர்கள். அந்த இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு, 316-இலும் சிவப்புப் புள்ளிகள் வரும். எனக்கு வந்தது. விலை இரும்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆனது. எல்லாச் சன்னலுக்கும் போட என்னால் முடியாது.

2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதிய ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டிருக்கின்றன. நம் வீட்டுச் சன்னலைத் தாக்குவதும் அதே உப்புக்காற்றுதான்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாதம் இருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இங்கே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. ஒரு வாளி காவிரிக் குடிநீரை இதற்கென ஒதுக்குகிறேன், வீணாக்குகிறாயே என்று உம்மா கடிந்துகொண்டாலும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். நானும் அதே சமயத்தில் கம்பிகளைப் பார்த்துவிடுகிறேன். கச்சான் உரக்குமுன் பூச்சு காய்ந்துவிட வேண்டும்.

கடைசியாகச் சொல்வதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன். 2022-இல் ஒரு மாலை, தரைத்தளத்து மின்மீட்டர் பலகையில் தீப்பொறி கிளம்பிப் படிக்கட்டு முழுவதும் கரும்புகை ஏறிவிட்டது. கதவைத் திறக்க முடியவில்லை. எல்லாச் சன்னலிலும் அசையாத கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இருபது நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. திருடன் உள்ளே வராமலிருக்க நான் போட்ட கம்பி, என் பிள்ளைகளையும் வெளியே விடவில்லை. நல்லவேளையாகத் தீ அதற்குமேல் பரவாமல் அணைந்தது.

அந்த மாதமே படுக்கையறைக் கம்பியில் ஒரு பகுதியை அறுத்து, கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கும் சிறு கதவாக்கினோம். கீழே முதல் மாடிச் சன்ஷேடு இருக்கும் பக்கமாகப் பார்த்து வைத்தோம். பூட்டு பித்தளை. சாவி சன்னலுக்கு இடப்பக்கம் ஆணியில் தொங்குகிறது. வெளியிலிருந்து கைக்கு எட்டாது, உள்ளே இருட்டிலும் தடவி எடுத்துவிடலாம். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் கீல் உப்பேறி இறுகிக் கிடந்தது. அதிலிருந்து மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சாப்பிட்டதும், பிள்ளைகளில் ஒருவர் பூட்டைத் திறந்து கதவை முழுக்கத் தள்ளிப் பார்க்க வேண்டும். கீலுக்கு கிரீஸ் வைப்பது என் வேலை. இந்த மாதம் சின்னவளின் முறை. பூட்டு ஒரே திருப்பில் திறந்தது.