கியர்பாக்ஸ் எண்ணெயை யாரிடம் மாற்றுவது: 1,70,000 கிலோமீட்டரில் மூன்று இடங்கள்

எட்டு வேகத் தானியங்கி கியர்பாக்ஸும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட என் கார் ஒன்பது ஆண்டுகளில் 1,70,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெயை இதுவரை இரண்டு முறையும், முன், பின் டிஃபரென்ஷியல்களிலும் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிப்பவை) டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிர்வது) உள்ள எண்ணெயை மூன்று முறையும் மாற்றியிருக்கிறேன். எந்த எண்ணெய் வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லிவிடுகிறது. வண்டியை யாரிடம் விடுவது என்பதை மட்டும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாற்றவே வேண்டுமா என்ற கேள்விதான் முதலில் வந்தது. பராமரிப்பு அட்டவணையில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கென ஒரு வரிகூட இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கேட்டபோது, ஆயுள் முழுவதற்கும் அதே எண்ணெய் போதும் என்றார்கள். அந்த கியர்பாக்ஸைத் தயாரிக்கும் ஸட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றப் பரிந்துரைக்கிறது. 'ஆயுள்' என்று அவர்கள் சொன்னது வண்டியின் ஆயுளையா, உத்தரவாதத்தின் ஆயுளையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 85,000 கிலோமீட்டரில், மிதமான வேகத்தில் மெல்ல முடுக்கும்போது கரடான பட்டைகளின் மேல் ஓடுவதுபோல ஓர் அதிர்வு தொடங்கியது. அதற்குப் பிறகு நான் காத்திருக்கவில்லை.

முதலில் போனது, எஞ்சின் ஆயிலும் பிரேக் வேலையும் வழக்கமாகப் பார்க்கும் பட்டறைக்கு. நாணயமான ஆட்கள், சரியான எண்ணெயைத்தான் வாங்கி வைத்திருந்தார்கள். வடிந்த எண்ணெயை அளந்து அதே அளவு புதிய எண்ணெயை ஊற்றி, வண்டியை அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, காலையில் எடுத்தவுடன் ரிவர்ஸ் போட்டால் ஓரிரு நொடி எதுவும் நடக்காமல், பிறகு ஓர் உதறலுடன் கியர் விழத் தொடங்கியது. இந்த கியர்பாக்ஸில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் பாகம் என்பதால், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய பழைய தட்டின் அடியிலும் ஃபில்டரின் உள்ளும் தங்கியிருந்த எண்ணெய் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அது அப்படியே குப்பைக்குப் போக, என் கியர்பாக்ஸ் அந்த அளவுக்குக் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர், தானியங்கி கியர்பாக்ஸ் வேலையை மட்டுமே செய்யும் ஒரு மெக்கானிக். வண்டி லிஃப்டில் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கேனரை மாட்டி எண்ணெயின் வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டார். எஞ்சின் ஓடும்போதுதான் பம்ப் எண்ணெயை, எஞ்சின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கும், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்கும் அனுப்பும் என்பதாலும், சூடேறினால் எண்ணெய் விரியும் என்பதாலும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில்தான் அளவு பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தச் சொன்னார். திரையில் 38 டிகிரி வந்தபோது, எண்ணெய் போதிய அளவில் இருந்தால் வழிய வேண்டிய துளையை மூடியிருக்கும் லெவல் போல்ட்டைத் திறந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. கைப்பம்பில் அரை லிட்டருக்கு மேல் ஏற்றிய பிறகே துளையின் விளிம்பில் எண்ணெய் தலைகாட்டி, மெல்லிய நூலாக வழிந்தது. நூல் சொட்டாக மாறியதும் போல்ட்டை மூடினார். அவ்வளவுதான் வேலை. உதறல் அன்றே நின்றது. முடுக்கும்போது இருந்த அதிர்வு மட்டும் முழுமையாகப் போகவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. ஒரு முறை வடித்தால் எண்ணெய் முழுவதும் வெளியேறுவதில்லை. கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் ஒரு பங்கு தங்கிவிடும். 60 சதவீதம் வடிகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் மாற்றத்துக்குப் பின் 40 சதவீதமும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றினால் 16 சதவீதமும் பழைய எண்ணெய் இருக்கும். இயந்திரம் மூலம் ஒரேயடியாக மாற்றித் தருவதாக இன்னோர் இடத்தில் சொன்னார்கள். ஃபில்டரைத் தொடாமலே செய்வோம் என்று சேர்த்துச் சொன்னதால் அங்கே விடவில்லை. 5,000 கிலோமீட்டர் ஓடிய பின் அந்த மெக்கானிக்கிடமே இரண்டாம் முறை மாற்றினேன். அதிர்வு போய்விட்டது.

டிஃபரென்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்பது என் அனுபவம். அவற்றை இன்றும் அந்தப் பழைய பட்டறையிலேயே, பக்கத்தில் நின்று மாற்றிக்கொள்கிறேன். நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் போல்ட்டைத் திறந்து காட்ட வேண்டும். என் பின் டிஃபரென்ஷியலில் அது துருவேறி இறுகிக் கிடந்தது; கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. முதலிலேயே வடித்திருந்தால் எண்ணெய் இல்லாத வண்டி லிஃப்டிலேயே தங்கியிருக்கும். கந்தக நெடியுடன் கறுத்து வந்த அந்த எண்ணெயைவிட, போல்ட்டின் காந்தத்தை நான் கூர்ந்து பார்த்தேன். சாம்பல் நிறக் களிம்பு மட்டும் ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் பல்சக்கரத்தையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். எனக்குக் களிம்புதான் கிடைத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தேவைப்படுவது ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால், டிஃபரென்ஷியலுக்கு வாங்கிய கியர் ஆயிலில் மிச்சத்தை அதிலும் ஊற்றிவிடும் ஆசை பட்டறைக்காரர்களுக்கு வருவதுண்டு. என் வண்டியில் அதற்கு வேறு எண்ணெய் என்பதால் டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சேவை மையத்தையும் முற்றாக ஒதுக்க மனமில்லை. அவர்களிடம் சரியான ஸ்கேனரும் போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்சும் இருக்கின்றன; செய்தால் சரியாகவே செய்யக்கூடும். ஆனால் வேலை நடக்கும் இடத்துக்குள் என்னை விடுவதில்லை. வடித்த எண்ணெயையும் காந்தத்தையும் காட்டுவதில்லை. உத்தரவாதக் காலத்தில் இருப்பவர்கள் அங்கேயே செய்துகொண்டு ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

அந்த மெக்கானிக் இப்போது கடையை மூடிவிட்டார். அடுத்த மாற்றத்துக்கு இடம் தேடிச் சென்ற வாரம் நான்கு பேருக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லோரிடமும் எந்த வெப்பநிலையில் லெவல் பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். இருவர் "எவ்வளவு வடியுதோ அவ்வளவு ஊத்திடுவோம் சார்" என்றார்கள். ஒருவர் விலையைச் சொன்னார். நான்காமவர், "எந்த கியர்பாக்ஸ்னு முதல்ல சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டார். அவரிடம்தான் நாள் குறித்திருக்கிறேன்.