சிங்கிள்ஃபைல்: பிடிச்ச ஹாபி பக்கம் காணாம போறதுக்குள்ள எடுத்து வச்சுக்க ஒரு எக்ஸ்டென்ஷன்

பழைய ஃபிலிம் கேமரா ரிப்பேர், மரவேலை, டெலஸ்கோப்புக்கு கண்ணாடி தேய்க்கிறது, பின்னல், ரேடியோ... எந்த ஹாபிய எடுத்துக்கிட்டாலும் உருப்படியான விஷயம் பெரிய சைட்ல எல்லாம் இருக்கிறதில்ல, யாரோ ஒருத்தர் பதினஞ்சு இருபது வருஷம் முன்னாடி தன் ஆசைக்கு உக்காந்து எழுதி, தானே படம் எடுத்து போட்டு வச்ச பக்கத்துலதான் இருக்கும். அவர் டொமைனுக்கு பணம் கட்டாம விட்டாலோ, ஹோஸ்டிங் கம்பெனி மூடிட்டாலோ, இல்ல அந்த மனுஷனே இல்லாம போயிட்டாலோ பக்கமும் அதோட போச்சு. அதனால கண்ணுல படும்போதே கையோட எடுத்து வச்சுக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அதுக்கு நான் ரொம்ப நாளா யூஸ் பண்ற சிங்கிள்ஃபைல் பத்திதான் இந்த ரிவ்யூ. முதல்லயே சொல்லிடறேன், இலவசம், ஓப்பன் சோர்ஸ், தாராளமா போட்டுக்கலாம். குறை இருக்கு, அதையும் சொல்றேன், ஏன்னா அந்த குறை தெரியாம யூஸ் பண்ணா முக்கியமான படமே விட்டுப்போயிடும்.

புக்மார்க் போட்டிருக்கேனே போதாதான்னு கேக்குறவங்களுக்கு: போதாது. புக்மார்க்ல இருக்கிறது வெறும் முகவரி. அமெரிக்காவுல பியூ ரிசர்ச் சென்டர் 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2013-ல இருந்த வெப் பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷத்துல திறக்க முடியாம போயிடுச்சுன்னு. ஹாபி பக்கங்களுக்கு நடந்தது இன்னும் மோசம். ஜியோசிட்டீஸ்ல லட்சக்கணக்கான பேர் சொந்தமா பக்கம் வச்சிருந்தாங்க, யாஹூ அத 2009 அக்டோபர்ல மூடிட்டாங்க. ஆர்கைவ் டீம்னு ஒரு தன்னார்வலர் கூட்டம் ராத்திரி பகலா முடிஞ்ச அளவு அள்ளினதாலதான் அதுல ஒரு பங்காவது இன்னைக்கு இருக்கு. அப்புறம் 2017-ல ஃபோட்டோபக்கெட் கதை, அங்க படத்த ஏத்திட்டு வேற சைட்ல காட்டிட்டு இருந்தவங்க எல்லாரும் இனிமே காசு கட்டணும்னு சொன்னதும் எத்தனையோ செய்முறை பக்கங்கள்ல எழுத்து அப்படியே இருந்துச்சு, படம் இருந்த இடத்துல மட்டும் வெறும் அறிவிப்பு கட்டம் வந்து நின்னுச்சு. ஹாபி விஷயத்துல படம் போனா பாதி இல்ல, முழுசாவே போன மாதிரிதான். அப்புறமா படிக்க லிங்க் சேத்து வைக்கிற பாக்கெட்ங்கிற ஆப்ல சேத்து வச்சிருந்தவங்களுக்கும் இதே அனுபவம், மொஸில்லா அத 2025 ஜூலைல மூடினப்ப எக்ஸ்போர்ட்னு கைக்கு வந்தது லிங்க் பட்டியல்தான், பக்கம் இல்ல. லிங்க்க சேத்து வைக்கிறதும் பக்கத்த சேத்து வைக்கிறதும் வேற வேற, இது புரிஞ்சாலே போதும்.

சரி, சிங்கிள்ஃபைல் என்ன பண்ணும்? பிரவுசர்ல ஒரு பட்டன் வந்து உக்காரும். பக்கத்த திறந்து வச்சு அத அமுக்கினா, எழுத்து, படம், ஸ்டைல், ஃபான்ட் எல்லாத்தையும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலா ஆக்கி டவுன்லோட் ஃபோல்டர்ல போட்டுடும். படத்த தனியா வைக்காது, பேஸ்64-ன்னு எழுத்தா மாத்தி அந்த ஃபைலுக்குள்ளயே வச்சிடும், அதனால படம் எல்லாம் மூணுல ஒரு பங்கு கூடுதலா இடம் பிடிக்கும், ஆனா ஒரே ஃபைல், எங்க தூக்கிட்டு போனாலும் பிரியாது, நெட் இல்லாமலே எந்த பிரவுசர்லயும் திறக்கும். எனக்கு ரொம்ப பிடிச்ச சின்ன விஷயம் ஒண்ணு, ஃபைல நோட்பேட்ல திறந்து பாத்தீங்கன்னா மேலயே எந்த முகவரில இருந்து எந்த தேதி நேரத்துல சேவ் பண்ணதுன்னு குறிப்பு இருக்கும். ஒரிஜினல் பக்கம் போனதுக்கப்புறம் இது யார் எழுதினது எங்க இருந்ததுன்னு தெரிய அந்த ஒரு குறிப்புதான் ஆதாரம். ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் அதுவே கழட்டி விட்டுடும், அதனால ஃபைல் திறக்கும்போது விளம்பரம் ஓடுறது எங்கயோ கனெக்ட் பண்ண பாக்குறது எதுவும் கிடையாது.

இதோட அருமை எங்க தெரியும்னா படம் படமா போற செய்முறைலதான். என் ஹாபி பழைய லென்ஸ் சுத்தம் பண்றது. ஃபோகஸ் ரிங் இறுகிப்போன லென்ஸ் நிறைய வரும், உள்ள இருக்கிற கிரீஸ் வருஷக்கணக்குல காஞ்சு கெட்டியாகிடும், பிரிச்சு துடைச்சு புதுசு தடவணும். ஃபோகஸ் ரிங்குக்குள்ள ஹெலிகாய்டுன்னு ஒரு மரை, அத சுத்தி கழட்டும்போது ரெண்டு பாகமும் எந்த புள்ளில விடுபடுதோ அங்க ரெண்டுலயும் ஒரு கோடு கீறி வச்சுக்கணும். ஏன்னா அந்த மரை பல இடத்துல பிடிக்கும், எங்க வச்சாலும் சுகமா ஏறும், ஆனா ஒரே ஒரு இடத்துல ஏத்தினாத்தான் தூரத்துல இருக்கிறது தெளிவா விழும். நான் பொக்கிஷமா வச்சிருக்கிற ஒரு பக்கத்துல எழுதினவர் அந்த கோட்ட எங்க கீறணும்னு பளிச்சுன்னு கிட்டத்துல படம் எடுத்து காட்டியிருக்கார், கீழ "ரிங்க கையில பிடிச்சுட்டே குறி போடு, கீழ வைக்காத"ன்னு ஒரு வரி. அந்த பக்கத்துல இருக்கிற அத்தனை விஷயத்துலயும் அந்த ஒரு படத்துக்குத்தான் மதிப்பு. சிங்கிள்ஃபைல்ல எடுத்த காப்பில அது அச்சு அசலா இருக்கு, ஒர்க் டேபிள்ல நெட் இல்லாத பழைய டேப்லட்ல அத திறந்து வச்சுட்டுத்தான் வேலை பாக்குறேன்.

இப்ப குறைகளுக்கு வருவோம். இதுல முதலாவதத்தான் தயவுசெஞ்சு எல்லாரும் கவனிக்கணும். பழைய பக்கங்கள்ல பெரும்பாலும் சின்ன படமா காட்டியிருப்பாங்க, கிளிக் பண்ணா பெருசு தனியா திறக்கும். சிங்கிள்ஃபைல் பக்கத்துல என்ன தெரியுதோ அதத்தான் எடுக்கும், அந்த பெரிய படம் இன்னொரு லிங்க்ல இருக்கிறதால வராது. சின்ன படத்துல ஸ்க்ரூவா ஸ்பிரிங்கான்னு கூட தெரியாது, அப்ப காப்பி இருந்தும் பிரயோஜனமில்ல. இதுக்கு வழி ஒண்ணுதான், பெரிய படம் ஒவ்வொண்ணையும் திறந்து தனியா சேவ் பண்ணி அதே ஃபோல்டர்ல போடணும். அலுப்பான வேலைதான், ஆனா பண்ணித்தான் ஆகணும். அதே மாதிரி பக்கத்துல பிடிஎஃப் மேனுவல், அளவு போட்ட டிராயிங், டெம்ப்ளேட்னு டவுன்லோட் லிங்க் இருந்தா அதுவும் தானா வராது, வீடியோவும் வராதுன்னே வச்சுக்கோங்க. "பாகம் ஒண்ணு, பாகம் ரெண்டு"ன்னு பிரிச்சு எழுதியிருந்தா ஒவ்வொரு பாகத்தையும் திறந்து சேவ் பண்ணணும், எல்லா டேபையும் ஒரே தடவைல சேவ் பண்ற வசதி மெனுல இருக்கு, அது இந்த இடத்துல நல்லா கை கொடுக்கும்.

இன்னொண்ணு, பக்கத்துல "மேலும் படிக்க"ன்னு மடிச்சு வச்ச பகுதி இருந்தா அத விரிச்சுட்டு அப்புறம் சேவ் பண்ணுங்க. கண்ணுக்கு தெரியாத பகுதிய ஃபைல் சைஸ் குறைக்க எடுத்துப்போடுற செட்டிங் ஒண்ணு இருக்கு, வேணும்னா ஆஃப் பண்ணிக்கலாம். கீழ ஸ்க்ரோல் பண்ணாத்தான் வர்ற படங்களையும் பெரும்பாலும் அதுவே இழுத்துக்கும், இருந்தாலும் நான் ஒரு தடவை கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிட்டுத்தான் பட்டன அமுக்குவேன், அது ஒரு திருப்தி. சேவ் பண்றதுக்கு முன்னாடி குறிப்பு எழுதுறது, வேண்டாத பகுதிய வெட்டுறது, வரிய ஹைலைட் பண்றதுக்கெல்லாம் தனி மோட் இருக்கு, நல்லாவே பண்ணியிருக்காங்க, ஆனா செட்டிங்ஸ் பக்கம் மட்டும் ரொம்ப நீளம், புதுசா வர்றவங்க மிரண்டுடுவாங்க. எதையும் தொடாம விட்டாலே தொண்ணூறு பங்கு பக்கத்துக்கு சரியா வரும்.

பிரவுசர்லயே சேவ் ஆப்ஷன் இருக்கே இது எதுக்குன்னா, அது ஒரு ஃபைலும் கூடவே ஒரு ஃபோல்டருமா கொடுக்கும், ஃபைல மட்டும் இடம் மாத்தினா படம் அம்போ. குரோம்ல எம்எச்டிஎம்எல்னு ஒரே ஃபைலா சேவ் பண்ற வழியும் இருக்கு, ஆனா ஃபயர்ஃபாக்ஸ் தானா அத திறக்காது. பிடிஎஃப் பிரிண்ட் எனக்கு சுத்தமா ஆகாது, படம் நடுவுல வெட்டுப்பட்டு ரெண்டு தாள்ல விழும், அகலமான அட்டவணை ஓரத்துல காணாம போகும். பெரும்பாலும் எழுத்து மட்டும் உள்ள கட்டுரைன்னா அது போதும்.

வெப் பக்கங்களோட பழைய காப்பிய சேத்து வச்சு காட்டுற வேபேக் மெஷின் இருக்கும்போது நாம எதுக்கு கஷ்டப்படணும்னு சிலர் கேப்பாங்க. அத நடத்துற இன்டர்நெட் ஆர்கைவ் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. 1996-ல ப்ரூஸ்டர் கேல் ஆரம்பிச்சது, 2001-ல வேபேக் மெஷின பொதுமக்களுக்கு திறந்து விட்டாங்க, இல்லன்னா பாதி ஹாபி அறிவு இன்னைக்கு இருந்த சுவடே தெரியாது. அங்க "சேவ் பேஜ் நவ்"னு ஒரு பெட்டி இருக்கு, முகவரிய போட்டா அப்பவே எடுத்து வச்சுக்கும், லாகின் பண்ணியிருந்தா அந்த பக்கத்துல இருந்து வெளிய போற லிங்க்கையும் சேத்து எடுக்கச் சொல்லலாம், அதாவது மேல சொன்ன பெரிய படம் பிரச்சனை பெரும்பாலும் அங்க தீரும். ஆனா அத மட்டும் நம்பி இருக்கக்கூடாதுங்கிறதுக்கு காரணம் இருக்கு. 2024 அக்டோபர்ல அவங்க மேல பெரிய தாக்குதல் நடந்துச்சு, 3 கோடிக்கு மேல யூசர் அக்கவுண்ட் விவரம் வெளிய போச்சு, சில நாள் சைட்டே கிடையாது. சைட்டோட சொந்தக்காரர் கேட்டுக்கிட்டா பழைய காப்பிய காட்டாம நிறுத்திடவும் செய்வாங்க, டொமைன் வேற ஒருத்தர் கைக்கு போனா என்ன கேப்பாங்கன்னு யாருக்கு தெரியும். பழைய காப்பில எழுத்து இருந்து படம் மட்டும் எடுக்கப்படாம இருக்கிறதும் சகஜம். அதனால என் வழக்கம் ரெண்டும்தான்: வேபேக்ல ஒண்ணு ஊருக்கு, சிங்கிள்ஃபைல்ல ஒண்ணு எனக்கு. ரெண்டும் சேத்து பெரும்பாலும் சில நிமிஷம்தான். தேடல்ல பக்கத்தோட சேத்து வச்ச காப்பிய காட்டின கூகுள் கேஷ எதிர்பாத்து இருக்காதீங்க, அத 2024-லயே எடுத்துட்டாங்க.

ஒரு முழு சைட்டும் வேணும்னா சிங்கிள்ஃபைல் அதுக்கான கருவி இல்ல. பழைய காலத்து எளிமையான சைட்டுன்னா, முழு சைட்டையும் டவுன்லோட் பண்ற எச்டிட்ராக்னு ஒரு சாஃப்ட்வேர் இன்னைக்கும் நல்லா வேலை செய்யும், ஸ்கிரிப்ட் நிறைஞ்ச புது சைட்டுன்னா திணறும். அந்த மாதிரி இடத்துக்கு ஆர்கைவ்வெப்.பேஜ்னு வெப்ரெக்கார்டர்காரங்களோட எக்ஸ்டென்ஷன், நாம எத எத கிளிக் பண்றோமோ எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிக்கும், ஆனா அந்த ஃபைல திறக்க அவங்க வியூவர் வேணும். எதுவா இருந்தாலும் சைட்ட போட்டு அடிக்காதீங்க, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு டவுன்லோட் பண்ணுங்க, பாவம் ஒரு தனி மனுஷன் தன் காசுல ஓட்டுற சர்வர்.

சேவ் பண்ணதும் நான் தவறாம பண்றது, நெட்ட ஆஃப் பண்ணிட்டு அந்த ஃபைல திறந்து மேல இருந்து கீழ வரைக்கும் படம் எல்லாம் வந்திருக்கான்னு பாக்குறது. ஒரிஜினல் இருக்கும்போதே பாத்தாத்தான் விட்டுப்போனத திரும்ப எடுக்க முடியும். ஃபைல் பேர்ல பக்கத்தோட தலைப்பும் தேதியும் தானா வரும், ஆனா பழைய பக்கங்களுக்கு தலைப்பு "இன்டெக்ஸ்", "அன்டைட்டில்ட்"னு கேவலமா இருக்கும், அதனால கேமரா மாடல் பேர நானே முன்னாடி போட்டுடுவேன், இல்லன்னா பின்னாடி தேடவே முடியாது. இன்னொரு ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி கட்டாயம்.

உரிமை விஷயமும் ஒரு வார்த்தை. நாம படிக்க எடுத்து வச்சுக்கிறது ஒண்ணு, அத நம்ம பேர்ல திரும்ப ஏத்துறது வேற, அது எழுதினவருக்கு பண்ற துரோகம். பக்கத்துல மெயில் முகவரி இருந்தா எழுதி கேளுங்க, முடிஞ்சா வேபேக்ல ஏத்தியிருக்கேன்னு சொல்லுங்க. தன் பக்கத்த இன்னும் ஒருத்தர் படிக்கிறார்னு தெரிஞ்சா சந்தோஷப்படுறவங்கதான் அதிகம், ஒருத்தர் எனக்கு ஒரிஜினல் சைஸ் படங்களையே ஜிப் பண்ணி அனுப்பி வச்சார்.

ரேட்டிங்னா அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் அந்த சின்ன படம் பெரிய படம் விவகாரத்துக்கு, அதுக்கு ஒரு ஆப்ஷன் நேரா மெயின் மெனுலயே இருந்திருக்கலாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூணுலயும் இருக்கு, ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்லயும் போடலாம், ஆனா படம் நிறைய உள்ள பக்கத்த போன்ல எடுக்காதீங்க, மெமரி பத்தாம திணறும், லிங்க்க உங்களுக்கே அனுப்பி வச்சுட்டு கம்ப்யூட்டர்ல அன்னைக்கே உக்காந்து எடுத்துடுங்க.