விம்மும் தமிழும்: எடிட்டரை என் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட அனுபவம்

பைதான் நிரல், மொழிபெயர்ப்புக் கோப்பு, தமிழ்க் கட்டுரை ஆகிய மூன்றையும் ஒரே எடிட்டரில் எழுதுகிறவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாண்டுக்கு மேலாக விம் என்ற எடிட்டர் என் அன்றாடக் கருவி. பிறகு அதிலிருந்து கிளைத்த நியோவிம்மும் சேர்ந்துகொண்டது. இடையில் ஆட்டம் (Atom), விஎஸ் கோட் என்ற வேறு இரண்டு எடிட்டர்களிலும் நீண்ட நாள் இருந்து பார்த்திருக்கிறேன். இத்தனை காலத்துக்குப் பிறகு என் கணினியில் நிலைத்திருப்பவை பெரும்பாலும் நானே எழுதிக்கொண்ட சிறிய ஸ்கிரிப்டுகள்தான். ஊரெல்லாம் புகழ்ந்த செருகுநிரல்களில், அதாவது எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களில், பல வந்த வழியே போய்விட்டன.

விம்மைத் தொடாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இதில் இயல்பு நிலை, செருகும் நிலை என்று இரண்டு முக்கிய நிலைகள் உண்டு. செருகும் நிலையில் தட்டுவது எழுத்தாக விழும். எஸ்கேப் விசையை அழுத்தி இயல்பு நிலைக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு விசையும் கட்டளை ஆகிவிடும். டி-யை இரண்டு முறை தட்டினால் வரி நீங்கும், ஜே கர்சரைக் கீழே இறக்கும். பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் எழுதிய விஐ எடிட்டரிலிருந்து வந்த வழக்கம் இது. அவர் வேலை செய்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. பிராம் மூலெனார் 1991-இல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டார். பணம் கேட்காத அவர், கொடுக்க விரும்புகிறவர்கள் உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2023 ஆகஸ்டில் அவர் காலமான செய்தி வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. முகம் பார்த்திராத ஒருவருடைய உழைப்பில்தான் என் நாள்கள் அத்தனையும் நகர்ந்திருக்கின்றன.

இனித் தமிழுக்கு வருகிறேன். இயங்குதளத்தின் விசைப்பலகையைத் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்புக்கு மாற்றி விம்மில் ஒரு பத்தி எழுதுங்கள். எஸ்கேப்பை அழுத்தி, ஒரு வரியை நீக்க டி-யை இரண்டு முறை தட்டுங்கள். எதுவும் நடக்காது. தமிழ்99 அமைப்பில் டி இருக்கும் இடத்தில் இருப்பது உகரம். ஆகவே விம்முக்குப் போய்ச் சேர்வது இரண்டு உகரங்கள். அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. கீழே இறங்க ஜே-யைத் தட்டினால் பகரம் போகிறது. ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் விசைப்பலகையையும் கையால் மாற்றியாக வேண்டும். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் சலித்துவிடும். தமிழில் எழுதுகிற பலர் விம்மை விட்டுப் போக இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கான வழி விம்முக்குள்ளேயே இருக்கிறது. கீமேப் என்பது அதன் பெயர். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், செருகும் நிலையில் எழுதும்போது விம் அதைப் பயன்படுத்தும். இயங்குதளத்தின் விசைப்பலகை எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். எஸ்கேப்பை அழுத்தியதும் டி மறுபடி டி ஆகிவிடும். கன்ட்ரோலுடன் தொப்பிக் குறியை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வரிக்குள் ஓர் எழுத்தைத் தேடித் தாவும் எஃப் கட்டளைக்கும், ஓர் எழுத்தை மாற்றும் ஆர் கட்டளைக்கும் இந்தக் கீமேப் பொருந்தும். எஃப் என்று தட்டிய பிறகு ஹெச் தட்டினால் கர்சர் அடுத்த ககரத்துக்குப் போய் நிற்கும். கட்டளை ஆங்கிலத்திலும் அதற்குரிய எழுத்து தமிழிலும் என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

விம்முடன் வரும் கீமேப்புகளில் தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆனால் அது யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. ஆகவே தமிழ்99-க்கு நானே ஒரு கோப்பு உருவாக்கினேன். முதல் பார்வைக்கு எளிய வேலை: ஹெச் என்றால் க, ஹெச்சும் க்யூவும் சேர்ந்தால் கா, ஹெச்சும் எஃப்பும் சேர்ந்தால் க். பதினெட்டு மெய்களுக்கும் இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். சிக்கல் தானியங்கிப் புள்ளியில் இருக்கிறது. தமிழ்99-இல் ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரம் தானாகவே புள்ளி பெற்று க்க என்று வரும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ன-வுக்குப் பின் ற போன்ற இன எழுத்துகளுக்கும் அதே விதி. கீமேப்புக்கு விதி எதுவும் தெரியாது, வரிசைப் பட்டியல் மட்டுமே தெரியும். எனவே க்க, க்கா, க்கி என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகச் சொல்ல வேண்டும். மொத்தம் ஐந்நூறு வரிகளைத் தாண்டும். கையால் தட்ட முடியாது என்பதால், மெய்களையும் உயிர்க்குறிகளையும் இரு பட்டியலாக வைத்து அத்தனை வரிகளையும் உருவாக்கித் தரும் சிறிய பைதான் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். தொடர்ந்து மூன்று ககரம் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தனியாக விடை தேட வேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டும் சேர்ந்து க்க ஆனதும், மூன்றாவது புதிதாகத் தொடங்கும். தமிழ்99-இன் விதியும் அதுவே.

குறையும் இருக்கிறது. ஹெச் தட்டியதும், அதன் பின் உயிர் வருமா மெய் வருமா என்று பார்ப்பதற்காக விம் காத்திருக்கும். இயல்பான காத்திருப்பு ஒரு விநாடி. அதுவரை திரையில் ஆங்கில எழுத்தே தெரியும். கை வேகமாக ஓடுகிறவர்களுக்கு இது உறைக்காது. யோசித்து யோசித்துத் தட்டுகிறவர்களுக்குக் கண்ணை உறுத்தும். காத்திருப்பைக் குறைக்க ஓர் அமைப்பு உண்டு. ஆனால் மிகவும் குறைத்தால் க-வும் ஆ-வும் ஒட்டாமல் தனித்தனியாக விழுந்துவிடும். அரை விநாடிக்குச் சற்று மேல் வைத்ததில் எனக்குச் சரியாக அமைந்தது.

இதனுடன் இரண்டு அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டால் தமிழ் எழுதுவது சுகமாகிவிடும். முதலாவது டெல்கம்பைன். இயல்பாக விம்மில் கொ என்ற எழுத்தின் மேல் நின்று எக்ஸ் தட்டினால் முழு எழுத்தும் போய்விடும். டெல்கம்பைனை இயக்கிவிட்டால் ஒகரக் குறி மட்டும் நீங்கிக் ககரம் நிற்கும். கொ-வைக் க ஆக்குவதற்கு மெய்யையும் சேர்த்து மறுபடி தட்ட வேண்டியதில்லை. இரண்டாவது கர்சரின் நிறம். விம்மின் சாளரப் பதிப்பில் கீமேப் இயங்கும்போது கர்சருக்கு வேறு நிறம் கொடுக்கலாம். எனக்குத் தமிழ் என்றால் ஆரஞ்சு, ஆங்கிலம் என்றால் பச்சை. நிலைப்பட்டையைப் பார்க்கவே வேண்டாம், கண் இருக்கும் இடத்திலேயே விடை தெரிந்துவிடுகிறது. இடைமுகத்தில் நான் செய்த மாற்றங்களில் மிகச் சிறியது இது, மிக அதிகமாக உதவுவதும் இதுதான்.

அடுத்தது சேமிக்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. ஆனால் தேடினால் ஒன்று மற்றதுடன் பொருந்தாது. பல பேரிடமிருந்து வரும் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் கிடைக்காமல் போகும். எந்தத் தமிழ்க் கோப்பைச் சேமித்தாலும் அதைப் பைதானின் யூனிகோட் தொகுதிக்கு அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி ஒரு தானியங்கிக் கட்டளை எழுதி வைத்திருக்கிறேன். சில வரிகள்தான். அதன் பிறகு தேடல் என்னைக் கைவிட்டதில்லை.

ஔகாரத்துக்கு மட்டும் இந்த மருந்து போதாது. கௌ என்பதைக் கெ என்ற எழுத்தும் ளகரமுமாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். மௌனம் என்ற சொல்லை நான்கு எழுத்துச் சொல்லாக எழுதியிருப்பார்கள், பார்வைக்கு அப்படியே இருக்கும். இதை ஸ்கிரிப்டைக் கொண்டு கண்மூடித்தனமாக மாற்றிவிடவும் கூடாது. கதைகளில் பேச்சு வழக்கில் ‘வெளங்கும்’ என்று வந்தால் அது ளகரமேதான். ஆகவே எகரக் குறியும், அடுத்து குறி எதுவும் ஏறாத ளகரமும் சேர்ந்து வரும் இடத்தை எல்லாம் மஞ்சள் பின்னணியில் காட்டும்படி செய்தேன். முடிவு என் கையில். தமிழ் தெரியாத ஒருவர் எழுதும் செருகுநிரலில் இப்படி ஒரு வசதி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் மேல் குறை இல்லை, அவருக்கு இந்தத் தேவை கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

இடைமுகத்தை விருப்பம்போல் மாற்றுவதில் யார் எவ்வளவு தூரம் விட்டார்கள் என்று பார்த்தால், எல்லையே இல்லாமல் விட்டது ஆட்டம். கிட்ஹப் 2014-இல் வெளியிட்ட அந்த எடிட்டரில், ஒரு வலைப்பக்கத்தின் தோற்றத்தை மாற்றுவதுபோல முழு எடிட்டரின் தோற்றத்தையும் ஒரு நடைதாள் கோப்பில் மாற்றலாம். தமிழ் வரிகளுக்கு மட்டும் வரி உயரத்தைக் கூட்ட முடிந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 2022 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். அதற்காக உருவான, வலைத் தொழில்நுட்பத்தால் கணினி நிரல் கட்டும் எலெக்ட்ரான் கட்டமைப்பின் மேல்தான் விஎஸ் கோட் நிற்கிறது. ஆனால் விஎஸ் கோட் நேர் எதிர் முடிவை எடுத்தது. நீட்சிகள் என்று அங்கே அழைக்கப்படும் செருகுநிரல்கள் தனிச் செயல்முறையில் ஓடுகின்றன, திரையின் உறுப்புகளை நேரடியாகத் தொட அவற்றுக்கு அனுமதி இல்லை. பக்கப்பட்டை, நிலைப்பட்டை, நிறங்கள் என்று குறிப்பிட்ட வாசல்கள் வழியாக மட்டுமே நுழையலாம். அதை மீறி எடிட்டரின் கோப்புகளையே திருத்தும் நீட்சிகளும் உண்டு. அவற்றைப் போட்டால் நிறுவல் சிதைந்துவிட்டதாக எச்சரிக்கை வரும். அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் அழிந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நியாயம் இருக்கிறது. ஒரு நீட்சி திணறினாலும் தட்டச்சு தடைப்படாது. குழுவில் எல்லோருடைய திரையும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், புதிதாக வருகிறவருக்குச் சொல்லித் தருவதும் எளிது. புதியவர்களுக்கு நான் இன்றும் விஎஸ் கோடைத்தான் பரிந்துரைக்கிறேன். அங்கே விம் விசைகளைத் தரும் நீட்சியிலும் நிலை மாறும்போது விசைப்பலகையை மாற்றும் வசதி உண்டு. ஆனால் அதற்கு வெளியிலிருந்து தனியாக ஒரு நிரலை நிறுவ வேண்டும். கீமேப்பின் நேர்த்தி அதில் வராது.

செருகுநிரல்கள் குறைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் விஎஸ் கோட் குழுவிடமிருந்து வந்த மொழிச் சேவையக நெறிமுறை எல்லா எடிட்டர்களுக்கும் ஒரு கொடை. நிரலைப் புரிந்துகொள்ளும் வேலையைத் தனி நிரல் பார்த்துக்கொள்ளும், எந்த எடிட்டரும் அதனுடன் பேசலாம். நியோவிம் 2021 ஜூலையில் வந்த 0.5 பதிப்பில் அதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. அமைப்புக் கோப்பை முழுவதும் லுவா மொழியில் எழுதவும் அப்போதுதான் வழி பிறந்தது. உள்தள்ளல் போன்ற எழுத்து வழக்கங்களைக் குறித்து வைக்கும் எடிட்டர்கன்ஃபிக் கோப்பைப் படிக்கும் வசதி 0.9 பதிப்பிலும், வரிகளைக் குறிப்புரையாக மாற்றும் கட்டளை 0.10 பதிப்பிலும் உள்ளேயே வந்துவிட்டன. ஒவ்வொன்று வந்தபோதும் ஒரு செருகுநிரலை நீக்கினேன். இன்னொன்று, நான் பெரிதும் நம்பியிருந்தது, பராமரிப்பாரின்றி நின்றுபோயிற்று. அதை எழுதியவர் கூலி வாங்காமல் உழைத்தவர், அவருக்கு வேறு வேலை வந்திருக்கும். அதில் எனக்குத் தேவைப்பட்ட பகுதியை மட்டும் படித்துப் புரிந்துகொண்டு முப்பது வரி லுவாவில் எழுதிக்கொண்டேன். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

நிறுவும் முன் மூலநிரலைப் படிக்கும் பழக்கத்துக்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். விம்மிலோ விஎஸ் கோடிலோ ஒரு செருகுநிரல் நமக்குள்ள எல்லா உரிமைகளுடனும் ஓடுகிறது. நம் கோப்புகளைப் படிக்கலாம், வலையில் அனுப்பலாம். 2019-இல், கோப்புக்குள்ளேயே எடிட்டருக்கான அமைப்பை எழுதி வைக்க விடும் விம்மின் மோட்லைன் வசதியில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையில், செருகுநிரலே தேவைப்படவில்லை. தீய வரி ஒன்று உள்ள கோப்பைத் திறந்தாலே போதுமாக இருந்தது. உடனே சரி செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து மோட்லைனை அணைத்தே வைத்திருக்கிறேன்.

தீராத குறை ஒன்று உண்டு. கட்டளைகளைத் தட்டும் உரைச் சாளரமான முனையத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம். ண, ஞ, ணை போன்றவை அதற்குள் அடங்காமல் பக்கத்து எழுத்தின் மேல் ஏறுகின்றன. பல முனையங்களில் எகரக் குறியும் ஏகாரக் குறியும் இடம் தவறி நிற்கின்றன. எந்தச் செருகுநிரலாலும் இதைச் சரிசெய்ய முடியாது, கோளாறு எடிட்டருக்கு வெளியே இருக்கிறது. உலாவியின் எழுத்துப் பொறியைப் பயன்படுத்துவதால் விஎஸ் கோடில் தமிழ் அழகாக விழுகிறது. ஆகவே எழுதுவதும் திருத்துவதும் விம்மில், கடைசி மெய்ப்புப் பார்ப்பது விஎஸ் கோடில் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். நடப்புக் கோப்பை அதே வரியில் அங்கே திறக்கும் ஒரு விசையும் என் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. தமிழ்99-க்குப் பதிலாக வேறு விசைப்பலகை பழகியவர்கள், கீமேப்பை உருவாக்கும் ஸ்கிரிப்டில் மெய், உயிர் ஆகிய இரு பட்டியல்களின் விசைகளையும் முதலில் மாற்றிப் பார்க்கலாம்.