ஹீத்ரோவிலிருந்து பலாலிக்கு

இந்த முறை எந்த வழியாக ஊருக்குப் போவது என்பதை அம்மாவின் முழங்கால்தான் தீர்மானித்தது. போன தடவை கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, வாடகை வாகனத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போனோம். யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது அவரால் காலை ஊன்ற முடியவில்லை. இத்தனைக்கும் கட்டுநாயக்கவுக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர்தான்.

ஆகவே சென்னை வழியாகப் போனோம். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 8,200 கிலோமீற்றர். பத்தரை மணி நேரம் பறந்தோம். அங்கிருந்து பலாலி வெறும் 360 கிலோமீற்றர்.

மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் போகக்கூடிய ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணி நேரம். விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைவதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை பயண நேரத்தில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், வேகம் குறைத்து இறங்குவதும் நீண்ட பயணத்தில் தெரிவதில்லை. 360 கிலோமீற்றரில் அவையே பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன.

சென்னையில்தான் சிரமப்பட்டோம். இரண்டும் தனித்தனிப் பயணச்சீட்டுகள். குடிவரவு முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி புறப்பாட்டு வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு என்பதால் அதற்கு இந்திய விசாவும் வேண்டும். ஆறு மணி நேரக் காத்திருப்பு. முன்பதிவின்போதே கேட்டு உறுதிசெய்த சக்கர நாற்காலி வர ஐம்பது நிமிடம் ஆனது; அதுவரை அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. சிறிய விமானத்தில் பெட்டிக்கு அனுமதிக்கும் எடையும் குறைவு. லண்டனில் அடுக்கும்போதே அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது வலப்பக்க யன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். தமிழகக் கரை தூரத்தில் கூடவே வருகிறது. கோடியக்கரையைத் தாண்டிச் சிறிது நேரம் கடல், பிறகு திடீரென்று செம்மண் தோட்டங்களும் பனைகளும். அம்மா கண்ணாடியில் விரலை வைத்து, "மயிலிட்டிப் பக்கம்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

லண்டனில் மருத்துவரிடமும் வங்கியிலும் அம்மாவுக்காக நான்தான் பேசுவது வழக்கம். பலாலியில் குடிவரவு அதிகாரி தமிழில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டார்.

ஹீத்ரோ வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை 22 மணி நேரம். கட்டுநாயக்க வழியாகப் போனபோது இருபத்துமூன்றரை. மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இந்த முறை வீட்டுப் படியை அம்மா யாரையும் பிடிக்காமல் ஏறினார்.